மாட்டேறும் உள்ளடக்கலும்: பிற கோப்பை எப்போது அழைப்பது?



யான் என்னும் இவ்வூரில் நின்று யாம் பேசத் தொடங்கும்போது ஓர் இலக்கண ஆசிரியனுக்கு வாய் சற்றே தடுமாறுவது இயல்பு. பழந்தமிழில் யான் என்பது தன்மை ஒருமை. யாம் என்பது தன்மைப் பன்மை. ஊர்ப்பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒலியொப்புமை உண்டேயன்றி உறவில்லை. எனினும், செராய் மலையடியில் வயல் சூழ்ந்த இவ்வூர்க்கு வரும்போதெல்லாம் இந்த நினைவு எழாமற் போவதில்லை.

இன்றைய பொருள் இலக்கணமா கணினியா என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் என்றோம். அதற்குக் காரணம் ஒரு மாணவியின் வினா.

இடைநிலைப்பள்ளி மாணவர் சிலர் அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையை வைத்துப் பயின்றுகொண்டிருந்தனர். முதற் பயிற்சி, ஒரு சிறு விளக்கை ஒளிரவும் அணையவும் செய்வது. அதற்கான நிரலில் தொடக்க வரி எதுவுமில்லை, விளக்கை ஏற்றும் ஆணை நேரே வந்தது, விளக்கும் எரிந்தது. இரண்டாம் பயிற்சி, செர்வோ என்னும் சுழல்பொறியைத் திருப்புவது. அதற்கு மட்டும் நிரலின் தலையில் ‘இன்க்ளூட்’ என்று தொடங்கி, செர்வோவின் கோப்புப் பெயரைக் கோண அடைப்புக்குள் இட்ட ஒரு வரி வேண்டியிருந்தது. அவ்வரியை நீக்கினால் நிரல் ஓடவில்லை. “ஐயா, விளக்குக்கு வேண்டாத வரி பொறிக்கு மட்டும் ஏன் வேண்டும்?” என்று அம்மாணவி கேட்டார். அருகிலிருந்த மாணவர் ஒருவர், “அது அப்படித்தான், எழுதிவிட வேண்டும்” என்றார். அந்த விடைதான் எம்மை வருத்தியது. மந்திரம்போல் எழுதப்படும் வரி, எப்போது வேண்டும், எப்போது வேண்டா என்பதை ஒருநாளும் கற்றுத்தராது.

வினாவுக்கு விடை பின்னர் வரும். முதலில் அவ்வரி செய்வது யாது என்று காண்போம்.

சி மொழியிலும் அதன் வழிவந்த சி++ மொழியிலும், நிரல்பெயர்ப்பி வேலை தொடங்குமுன் முன்செயலி என்னும் பகுதி கோப்பை ஒருமுறை படிக்கிறது. உள்ளடக்கும் வரியைக் கண்டால், அங்கே குறிக்கப்பட்ட கோப்பைத் தேடி எடுத்து, அதன் உரை முழுவதையும் அவ்வரி நின்ற இடத்திற் கொட்டிவிடுகிறது. அவ்வளவே; பொருள் உணர்ந்து செய்யும் செயலன்று, வெட்டி ஒட்டும் செயல். இந்த வசதி சி மொழிக்கு 1972, 1973 அளவில் வந்தது. அம்மொழியை ஆக்கிய டென்னிஸ் ரிச்சி, ஆலன் சினைடர் வற்புறுத்தியதும், பிசிபிஎல், பிஎல்-ஒன் ஆகிய முந்தைய மொழிகளில் கோப்புகளை உள்ளே கொணரும் வழி இருந்ததுமே காரணம் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கோப்பின் பெயரைக் கோண அடைப்புக்குள் இட்டால், மொழியுடன் வந்த பொதுக் கோப்புகள் இருக்கும் இடத்தில் அது தேடப்படும். மேற்கோட் குறிக்குள் இட்டால், முதலில் நம் கோப்பு இருக்கும் இடத்தில் தேடி, கிடைக்காவிடிற் பொது இடத்திற்குச் செல்லும். நம்முடையது மேற்கோளுக்குள், பொதுவானது கோண அடைப்புக்குள் என்பது மரபு.

இங்கே மாணவர் பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. திரையில் எழுதும் செயற்கூற்றைப் பயன்படுத்த ஒரு தலைப்புக் கோப்பை அழைக்கிறோம். (அதன் பெயரை மாணவர் ‘ஸ்டுடியோ’ என்றே படிக்கின்றனர். அது ஒளிப்படக் கூடமன்று; ‘ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட்’ என்பதன் குறுக்கம்.) அச்செயற்கூறு முழுவதும் அந்தக் கோப்பில் இருக்கிறது என்று எண்ணுகின்றனர். இல்லை. அங்கிருப்பது அறிவிப்பு மட்டுமே: இப்பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அது இன்ன வகை உள்ளீட்டைக் கொள்ளும், இன்ன வகை விடையைத் தரும் என்னும் செய்தி. உடல் வேறோர் இடத்தில், நூலகத்தில், முன்பே பெயர்க்கப்பட்டுக் கிடக்கிறது, இறுதியில் இணைக்கப்படுகிறது. நம் பாட்டன்மார் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தது நினைவிருக்கும். பெயர்ப்பட்டியல் கங்காணியின் கையில். ஆள் நிற்பது மரத்தடியில். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. பட்டியலே பால் வெட்டிவிடுவதுமில்லை. தலைப்புக் கோப்பு அத்தகைய பட்டியல்.

இனித் தமிழுக்கு வருவோம். பிறிதோர் இடத்திற் சொல்லப்பட்டதை இவ்விடத்துக்குக் கொணரும் கலை நமக்குப் புதிதன்று. ஒரு விதியைச் சொல்லி, அடுத்ததற்கு ‘இதுவும் அதன் இயல்பினது’ என்று முடிக்கும் முறைக்கு உரையாசிரியர்கள் மாட்டேறு என்று பெயரிட்டனர். நன்னூலார் எண்ணிய முப்பத்திரண்டு உத்திகளுள் மாட்டெறிந்தொழுகல் ஒன்று. தொல்காப்பியத்தில் இம்முறை எவ்வாறு நிற்கிறது என்பதை உயிர்மயங்கியலிற் காணலாம். எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் அது ஏழாவது. உயிரெழுத்தை ஈறாக உடைய சொற்கள் வருமொழியோடு புணரும் வகையைச் சொல்வது.

அகர ஈற்றுப் பெயரின் முன், வேற்றுமை அல்லாத தொடரில், க, ச, த, ப வந்தால் அதற்கொத்த ஒற்று இடையில் மிகும் என்பது முதல் விதி. விள என்னும் மரப்பெயரை வைத்து விளக் குறிது என்பார் உரையாசிரியர். இது முழு வரையறை. அடுத்து ஆகாரம் வருகிறது. அங்கே ஆசிரியர் விதியைத் திரும்ப எழுதவில்லை. ஆகார ஈறு அகர ஈற்றின் இயல்பினது என்று சுட்டி முடித்துவிடுகிறார். தாராக் கடிது என்பது எடுத்துக்காட்டு. (தாரா என்பது வாத்து. இவ்வூர் வயல்களிற் காண்பதுதான்.) ஈகாரத்திற்கு வரும்போது அது ஆகாரத்தின் இயல்பினது என்கிறார்: தீக் கடிது. உகரம் அகர இயல்பினது: கடுக் குறிது. ஊகாரம் ஆகார இயல்பினது: கொண்மூக் கடிது. ஏகாரம் ஊகார இயல்பினது: சேக் கடிது. ஓகாரம் ஏகார இயல்பினது: ஓக் கடிது. இந்த ‘ஓ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகை என்பது பொருள். அலோர் ஸ்டாரிலிருந்து செராய் மலையடி நோக்கி வரும் வான் மாட் சமான் கால்வாயின் கரையில் வாழ்வோருக்குப் பலகை தெரியும். அதற்குத் தமிழில் ஓரெழுத்துப் பெயர் உண்டு என்பதுதான் புதிதாக இருக்கும்.

ஓகாரத்தின் விதியை மட்டும் ஒருவர் திறந்து பார்த்தாரென்று கொள்வோம். அது ஏகாரத்தைக் காட்டுகிறது. ஏகாரம் ஊகாரத்தைக் காட்டுகிறது. ஊகாரம் ஆகாரத்தை, ஆகாரம் அகரத்தை. நான்கு படி ஏறினால்தான் ‘வல்லெழுத்து மிகும்’ என்னும் செய்தி கையில் கிடைக்கிறது. ஒரு கோப்பு மற்றொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்க நீளும் சங்கிலி, நிரலாளர் நாள்தோறும் காண்பது. தொல்காப்பியரின் சங்கிலியில் ஓர் ஒழுங்கும் உண்டு: குறிலாகிய உகரம் குறிலாகிய அகரத்தைச் சுட்டுகிறது, நெடிலாகிய ஈ, ஊ, ஏ, ஓ ஆகியவை நெடிலையே சுட்டுகின்றன. ஆகாரம் ஒன்றே தன் குறிலிடம் செல்கிறது. வகுப்பில் இதைப் பலகையில் அம்புக்குறியிட்டு வரையச் சொல்லுங்கள். மாணவர் பிறகு மறக்கமாட்டார்.

இம்முறையால் என்ன பயன்? கூறியது கூறல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்று. ஒரே விதியை ஏழிடத்தில் எழுதினால் அக்குற்றம் நேரும். மனப்பாடம் செய்யும் மாணவனுக்குச் சுமையும் ஏழு மடங்காகும். சுட்டிவிட்டால் இரண்டும் இல்லை. நிரலிலும் இதுவே முதற் காரணம். ஒரே செயற்கூற்றின் அறிவிப்பை ஐந்து கோப்புகளிற் கையால் எழுதிவைத்தால், ஒன்றில் திருத்தி நான்கில் மறந்த நாளன்று அது மாறுகொளக் கூறல் ஆகிவிடும். ஓரிடத்தில் எழுதி ஐந்திடத்தில் அழைத்தால் அந்த அச்சமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மாட்டெறிந்துவிடலாமா? தொல்காப்பியர் செய்யாமல் விட்ட ஓரிடம், செய்த இடங்களை விடக் கற்பிப்பதென்பது எம் எண்ணம். இகர ஈற்றுப் பெயரின் முன் வேற்றுமைப் பொருளில் வல்லெழுத்து மிகும் என்று ஒரு விதி. பின்னர், ஐகார ஈற்றுக்கும் அதே விதி. எழுத்தின் பெயரை மாற்றினால் இரு நூற்பாவும் ஒன்றே. ஐகாரம் இகரத்தின் இயல்பினது என்று ஒரே அடியில் முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை, முழுதாகத் திரும்ப எழுதினார். ஏன்?

அவ்விரு ஈறுகளும் அல்வழியில் நடந்துகொள்ளும் முறையை அவர் அங்கே சொல்லவில்லை. இரண்டு இயல் முன்னே, தொகைமரபில், இகரத்தையும் ஐகாரத்தையும் சேர்த்து வைத்து, மிகுதலும் இயல்பாதலும் உறழ்தலும் ஆகிய மூவகையும் உண்டு என்று சொல்லிவிட்டார். இரண்டுக்கும் உண்மையிலேயே பொதுவாக இருந்தது பொதுவிடம் போயிற்று. எஞ்சியது அவ்வவ்வீற்றின் தனிச்செய்தி. வேற்றுமை விதி இரண்டிலும் ஒன்றாக அமைந்தாலும், அதனைத் தொடர்ந்து வரும் சிறப்புவிதிகள் வெவ்வேறு. இந்நிலையில் ஐகாரத்தை இகரத்தின்மேல் மாட்டினால், தனக்குரியதல்லாத பலவும் கூடவே வரும். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். ஓரடி உரையைத் திரும்ப எழுதுவது அதைவிட மலிவு. ஆசிரியர் உள்ளத்தை இவ்வாறு உறுதியாக உரைக்க எவராலும் இயலாது. யாம் நூலின் அமைப்பிலிருந்து உய்த்துணர்வது இது.

ஆக, உரை ஒத்திருப்பது மட்டும் அழைப்பதற்குக் காரணமாகாது. ஒன்றின் விதி மாறினால் மற்றதன் விதியும் மாறியே தீர வேண்டும் என்னும் உறவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் ஒரு தலைப்புக் கோப்பில் வைத்து இரண்டிலிருந்தும் அழைக்கலாம். தற்செயலாக ஒத்திருக்கும் மூன்று வரிகளுக்காக ஒரு பெருங்கோப்பை உள்ளே கொணர்வது பிழை என்று சொல்லமாட்டோம். வீண் என்று சொல்வோம்.

மாட்டேற்றில் வேறொரு நுட்பம் உண்டு. ஆகாரம் அகரத்தின் இயல்பினது என்றால், அகரத்திற்குச் சொன்ன புறனடைகளும் வருமா? வாரா, வல்லெழுத்து மிகும் பொதுவிதி மட்டும் வரும் என்றே உரையாசிரியர்கள் கொண்டனர். மேலும், ஆகாரத்திற்கெனத் தனிப் புறனடை உண்டு. பசுவைக் குறிக்கும் ஆ, விலங்கைக் குறிக்கும் மா ஆகிய சொற்களின் முன் வல்லெழுத்து மிகாது: ஆ குறிது, மா குறிது. முதலில் பொதுவிதியைச் சுட்டிக் கொணர்தல், பின்னர்த் தனக்குரிய விலக்கைத் தன்னிடத்திலேயே எழுதுதல். இவ்வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை யாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மாணவர் கட்டுரையில் ஒற்றுப்பிழை காட்டும் சிறு நிரல் ஒன்றைப் பி.எச்.பி. மொழியில் எழுதத் துணிந்தோம். பொதுவிதிகள் ஒரு கோப்பில்; புறனடைகள் மற்றொன்றில்; முதன்மை நிரல் இரண்டையும் அழைக்கும். புறனடைக் கோப்பை எழுதும்போது பொதுவிதிகளின் பெயர்கள் வேண்டியிருந்தன. எனவே அதன் தலையிலும் பொதுவிதிக் கோப்பை அழைத்துவிட்டோம். இதனால் பொதுவிதிகள் இருமுறை உள்ளே வந்தன. விதிப்பட்டியலில் ஒவ்வொன்றும் இரட்டித்தது. நிரலை ஓட்டினோம். தீ, கடிது என்னும் இரண்டையும் கொடுத்தால் அது மிகுந்த பணிவுடன் ‘தீக்க் கடிது’ என்று திருத்தித் தந்தது. ஒவ்வொரு விதியும் தன் கடமையாக ஓர் ஒற்றைச் சேர்த்திருந்தது. இலக்கணம் நாற்பதாண்டு கற்பித்தவன் செய்த நிரல் இப்படி எழுதினால் வீட்டில் உள்ளோர் சிரிக்காமல் என்ன செய்வர்?

அதற்கு மருந்து எளிது. அம்மொழியில் ‘இன்க்ளூட்’ போலவே ‘இன்க்ளூட் ஒன்ஸ்’ என்னும் ஆணையும் உண்டு. ஒரு கோப்பு முன்பே வந்திருந்தால் மீண்டும் கொணராது. சி மொழியில் இவ்வாணை இல்லை. அங்கே தலைப்புக் கோப்பின் முதலில் ஓர் அடையாளப் பெயரை வரையறுத்து, அப்பெயர் முன்பே இருந்தால் கோப்பின் எஞ்சிய பகுதியைத் தாண்டிவிடும்படி எழுதுவர். காவல் வரி என்று அதனைச் சொல்லலாம். தலைப்புக் கோப்பு எழுதும் மாணவர், உள்ளே என்ன எழுதுவது என்று எண்ணுமுன் காவல் வரியை இட்டுவிடுவது நன்று.

அந்நிரலில் இரண்டாம் பிழையும் நேர்ந்தது; அது சிரிப்புக்குரியதன்று. வேறொரு கணினிக்கு நிரலைப் படியெடுத்தபோது புறனடைக் கோப்பு விடுபட்டுப் போயிற்று. ‘இன்க்ளூட்’ என்னும் ஆணை, கோப்பு கிடைக்காவிட்டால் ஓர் எச்சரிக்கை தந்துவிட்டு மேலே சென்றுவிடும். எச்சரிக்கைகள் திரையிற் காட்டப்படாதவாறு அக்கணினி அமைக்கப்பட்டிருந்தது. நிரல் ஓடியது. மாணவர் சரியாக எழுதிய ‘ஆ குறிது’ போன்ற தொடர்களுக்கெல்லாம் பிழைக்குறி இட்டது. ஒரு மாணவர் தம் சரியான வடிவத்தை அடித்துவிட்டுப் பிழையாக மாற்றி எழுதினார், மதிப்பெண்ணும் இழந்தார். கணினி சொன்னது என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

‘ரிக்வயர்’ என்னும் மற்றோர் ஆணையை ஆண்டிருந்தால் இது நேர்ந்திராது. கோப்பு இல்லையேல் நிரல் அங்கேயே நின்றுவிடும். பக்கத்தின் அடியில் வரும் அலங்கார வரி இல்லாமற் போனால் ஒன்றும் கெடாது. அதனை ‘இன்க்ளூட்’ வழியே அழைக்கலாம். எதன் இன்மை விடையைப் பொய்யாக்குமோ அதனை ‘ரிக்வயர்’ வழியேதான் அழைக்க வேண்டும். ஐந்தாம் படிவத்துக் கணினி அறிவியலில் இம்மொழியைத் தொடும் மாணவர்கள் இங்கிருந்தால், இவ்வேறுபாட்டை வெறும் தேர்வுக் குறிப்பாகக் கொள்ளவேண்டா.

நீளமான சங்கிலிக்கு மீள்வோம். தொல்காப்பியத்தில் அது தீங்கின்றி நிற்கிறது. ஏனெனில் அந்நூலை எவரும் திங்கள்தோறும் திருத்துவதில்லை. ஏகாரத்தின் விதியை யாரேனும் நாளை மாற்றி, ஓகாரம் அறியாமற் கெட்டுப்போகும் என்னும் அச்சம் அங்கில்லை. நிரலோ திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பது. நம் கோப்பு ஒரு தலைப்புக் கோப்பை அழைக்கிறது. அது உள்ளுக்குள் இன்னொன்றை அழைக்கிறது. அந்த இன்னொன்றில் உள்ள பெயரை நாம் உரிமையுடன் பயன்படுத்திவிடுகிறோம். ஓடுகிறது. ஒருநாள் நடுவில் இருப்பவர் தமக்கு வேண்டாத அழைப்பு என்று அதனை நீக்குகிறார். நாம் ஒன்றும் செய்யாமலேயே நம் கோப்பு முறிகிறது. ஆகவே, எந்தப் பெயரை ஆள்கிறோமோ அதன் கோப்பை நாமே நேராக அழைக்க வேண்டும், இடையில் நிற்பவரை நம்பலாகாது என்பது சி++ நிரலாளரிடையே பரவலாக ஏற்கப்பட்ட நெறி. இதன் மறுபக்கம், ஆளாத பெயரின் கோப்பை அழைக்கலாகாது என்பது. 1989ஆம் ஆண்டில் ராப் பைக் என்னும் நிரலறிஞர், தலைப்புக் கோப்புகள் பிற தலைப்புக் கோப்புகளை அழைக்கவே கூடாது என்னுமளவுக்குச் சென்றார். யாம் அவ்வளவு செல்லமாட்டோம். தனித்து நின்று பொருள்தராத தலைப்புக் கோப்பு, பாயிரமில்லாத நூல் போல் கற்பவனை அலைக்கழிக்கும்.

மிகையின் கேடு சிறிய நிரலில் தெரியாது. சி++ மொழியில் திரையில் ஒரு சொல் எழுத நாம் அழைக்கும் ஒரே தலைப்புக் கோப்பு, சங்கிலி முழுவதும் விரிந்தபின் பல்லாயிரம் வரிகளாகிறது. நிரல்பெயர்ப்பி அத்தனையையும் படித்தாக வேண்டும். லினக்ஸ் கருநிரலின் தலைப்புக் கோப்புகள் முப்பதாண்டு அளவில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக்கிடந்த நிலையை அவிழ்க்க, இங்கோ மோல்னார் என்பவர் ஓராண்டுக்கு மேல் உழைத்து, 2022 சனவரியில் 2,200க்கும் மேற்பட்ட திருத்தங்களை வெளியிட்டார். புதிய வசதி சேர்ப்பதற்கன்று; எது எதை அழைக்கிறது என்பதைச் செம்மை செய்வதற்கு மட்டும் அத்தனை திருத்தம்.

போட்டித் தேர்வுக்கு நிரல் எழுதும் மாணவர், எல்லாவற்றையும் ஒருசேர அழைக்கும் ஒரு கோப்பை முதல் வரியில் எழுதிவிடுகின்றனர். நேரம் அளந்த போட்டியில் அதற்கு இடமுண்டு. வகுப்பறையில் அதனை யாம் ஒப்பமாட்டோம். அந்நிரலைப் படிப்பவருக்கு, எழுதியவர் எதை ஆண்டார் என்று அதன் தலை சொல்வதில்லை. இன்னும் சிலர் பழைய நூல்களைப் பார்த்து, ‘கோனியோ’ என்னும் கோப்பை அழைக்கின்றனர். அது பழைய டாஸ் காலத்து நிரல்பெயர்ப்பிகளுடன் வந்தது; சி மொழியின் தரத்தில் இல்லாதது; இன்று பெரும்பாலான இடங்களிற் கிடைப்பதுமில்லை. பொருள் அறியாமல் எழுதிய வரி தலைமுறை கடந்தும் வாழும் என்பதற்கு அது சான்று.

முழுக் கோப்பையும் கொணராமல், பெயரை மட்டும் முன்னறிவித்து வைக்கவும் வழியுண்டு. ஒரு பொருளின் உள்ளமைப்பு தேவையில்லை, அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தாற் போதும் என்னும் இடத்தில் சி++ நிரலாளர் இவ்வாறு செய்வர். தொல்காப்பியர் சொன்ன உத்திகளுள் மொழிவாம் என்றல் என ஒன்றும், கூறிற்று என்றல் என ஒன்றும் உள்ளன. பின்னர்ச் சொல்வோம் என்று பெயரளவில் நிறுத்துவது முன்னது. முன்பே சொல்லியாயிற்று என்று சுட்டுவது பின்னது. முன்னறிவிப்பும் அழைப்பும் இவ்விரண்டுக்கும் மிக அணுக்கமானவை.

நன்னூலார் செய்தது வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இதே செய்தியை எடுத்துக்கொண்டபோது, அந்த நீண்ட சங்கிலியையே விட்டுவிட்டார். எந்த உயிரீறாயினும் அதன் முன் க, ச, த, ப மிகும். சிறப்பாக விதந்து கூறப்பட்டவை மட்டும் விலகும் என்று ஒரே பொதுவிதியாக்கினார். பின்வரும் ஈறுகள் ஒன்றையொன்று சுட்ட வேண்டிய தேவை நீங்கிற்று. எல்லாம் ஒரே பொதுவிதியை நேரே நோக்கின. பழைய நிரலைக் கையிலெடுத்து, சிதறிய அழைப்புகளை ஒரு பொதுக் கோப்பின்கீழ்க் கொணரும் நிரலாளர் செய்வதும் இதுதான். பள்ளியில் நன்னூல் வழியே புணர்ச்சி கற்பிப்பது எளிதாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் எந்தெந்த ஈறு எதனோடு ஒத்து நடக்கிறது என்னும் நுண்செய்தி சங்கிலியில்தான் இருந்தது. ஆய்வாளன் அதற்குத் தொல்காப்பியத்திடமே செல்ல வேண்டும்.

கலைச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இன்க்ளூட்’ என்பதற்கு உள்ளடக்கு என்று பெயர்த்து வழங்குகிறோம். குற்றமில்லை, ஆனால் உள்ளடக்குதல் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பதைச் சொல்லும் சொல். ‘இந்நூல் பத்துக் கட்டுரைகளை உள்ளடக்கியது’ என்போம். இங்கு நிகழ்வதோ வெளியே இருப்பதைச் சுட்டி உள்ளே கொணர்தல். மாட்டு என்னும் வினை இதற்கு இன்னும் பொருந்தும் என்பது எம் கருத்து. வழக்கில் கொக்கியில் மாட்டுதலும் இலக்கணத்தில் விதியை மாட்டுதலும் ஒரே சொல்லால் விளங்கும். ஜாவா மொழியின் ‘இம்போர்ட்’ வேறு: அது எந்த உரையையும் உள்ளே கொட்டுவதில்லை, நீண்ட பெயரைக் குறுக்கி வழங்க உரிமை தருவதுதான். பைத்தான் மொழியின் ‘இம்போர்ட்’ கோப்பை ஒருமுறை இயக்கி, நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை கேட்டால் அதையே தருகிறது. மூன்றையும் ஒரே தமிழ்ச்சொல்லால் மொழிபெயர்த்தால், நான்காம் படிவத்தில் ஜாவா கற்கும் மாணவன் குழம்புவான். ஆசிரியர்கள் இதில் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி அம்மாணவியின் வினா. அர்டுயினோ நிரலை நாம் எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தியதும், அம்மென்பொருள் நமக்குத் தெரியாமல் ஒரு வரியை நிரலின் தலையில் தானே எழுதிக்கொள்கிறது. அது அர்டுயினோவின் அடிப்படைத் தலைப்புக் கோப்பை அழைக்கும் வரி. விளக்கை ஏற்றும் ஆணையின் அறிவிப்பு அதில் இருக்கிறது. சுழல்பொறியின் அறிவிப்பு அதில் இல்லை. எனவே முன்னதற்கு நாம் எழுத வேண்டியதில்லை; பின்னதற்கு எழுதியாக வேண்டும். விளக்குக்கும் அவ்வரி வேண்டும்தான், வேறொருவர் எழுதிவிடுகிறார். இலக்கணத்தில் இதற்கு அதிகாரம் என்று பெயர். எழுத்ததிகாரம் என்று தலையில் ஒருமுறை நிறுத்தியபின், ஒவ்வொரு நூற்பாவும் எழுத்தைப் பற்றியது என்று தனித்தனியே சொல்லப்படுவதில்லை. சொல்லாமலே செல்லும்.

இதைக் கேட்டபின் அம்மாணவி, “அப்படியானால் அந்த மறைந்த கோப்பைத் திறந்து பார்க்கலாமா?” என்றார். திறந்தோம். சில நூறு வரிகளே கொண்ட கோப்பு அது. விளக்கின் ஆணை அதில் ஒரே ஒரு வரியாக நின்றது. அதன் மேலே, அக்கோப்பும் வேறு பல கோப்புகளை அழைத்திருந்தது. அவர் அவற்றுள் முதலாவதைத் திறக்கச் சொன்னார். பள்ளி மணி அடித்துவிட்டது.

வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.